யாருடைய மாணாக்கர்?

கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தைத் தாண்டி, ஆலமர நிழலில் இருக்கும் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். சமணர் மலையின் பாறைச் சுவரில் அங்கே தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அவர்கள் காலடியில் வட்டெழுத்து. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வெட்டியது. அந்த வரிகளில் திரும்பத் திரும்ப ஒரு செய்தி வரும்: இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னாருடைய மாணாக்கர். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயர் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது, அவரிடம் படித்தவர்கள் வழியாக. மலையில் ஒரு காலத்தில் பெரும்பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகள் படிக்கும் இடத்தை இன்று நாம் பள்ளி என்று சொல்வதற்கே சமணர்களின் பள்ளிதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பாறையின் முன்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். பொறியியல் கடைசி ஆண்டு. மதுரையில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பில் இருந்தாள். முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அவள் அம்மாதான், "கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்கண்ணே, பேசவே மாட்டேங்குறா" என்று என்னோடு அனுப்பி வைத்தார்.

நாங்கள் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் அவள் போன் நான்கு முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்து, பதில் தட்டிவிட்டு, திரையைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துப் பாறையில் வைத்தாள். வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

"ஒம்போதரைக்கு உள்ள போகணும் பெரியப்பா. ஆறரைக்கு முடியும்னு லெட்டர்ல போட்டிருக்கு. ஆனா டீம் லீட் எந்திரிக்காம யாரும் எந்திரிக்க மாட்டாங்க. அவரு எட்டரைக்குக் கிளம்புவாரு. வீட்டுக்குப் போயி பத்து மணிக்கு ஒரு கால் போடுவாரு. அது முடிய பதினொன்னரை ஆயிரும்."

"என்னம்மா கத்துக்குடுக்குறாங்க?"

அதற்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்: "வேலை குடுக்க நேரமிருக்கு. கத்துக்குடுக்க நேரமில்ல."

அவள் செய்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய தகவல்களை எக்செல் ஷீட்டில் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத் தவறு பார்ப்பது. அதே வேலையைச் செய்துகொண்டிருந்த நிரந்தர ஊழியர் ஒருவர் போன வருடம் விலகிப் போனாராம். அந்த இடம் நிரப்பப்படவில்லை. இரண்டு இன்டர்ன்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த ஒரு விவரத்தில்தான் நான் விளக்க நினைக்கும் விஷயம் முழுவதும் இருக்கிறது. நீண்ட நேர வேலை என்றதும் நாம் மணிக்கணக்கைப் பற்றியே பேசுகிறோம். எட்டா, பத்தா, பன்னிரண்டா என்று. அது முக்கியம்தான். ஆனால் இன்டர்ன் விஷயத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பிள்ளை கற்றுக்கொள்ள வந்ததா, வேலை செய்ய வந்ததா? கற்றுக்கொள்ள வந்தது என்றால் கற்றுக்கொடுப்பவர் யார்? வேலை செய்ய வந்தது என்றால் சம்பளம் எங்கே, நேர வரம்பு எங்கே? சம்பளம் கேட்டால் நீ பயிற்சியில் இருக்கிறாய் என்பார்கள், பயிற்சி கேட்டால் வேலை கிடக்கிறது என்பார்கள். இந்த இரண்டு பதிலையும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் சொல்ல முடிகிறதே, அங்கேதான் நோய் இருக்கிறது.

இன்டர்ன் என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொல்லும் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் பதிவு செய்து சேர்பவர்கள் ஒரு வகை. அப்ரண்டிஸ் என்று ஊரில் சொல்வது இவர்களை. இந்தச் சட்டம் ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்தது. பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்று அதன் 18-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் மற்ற தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக இவர்களுக்குப் பொருந்தாது. அதற்கு ஈடாகச் சில காப்புகள் உண்டு. பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் இவர்களை ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பயிற்சி என்ற பெயரில் அனுமதியின்றி வைத்துக்கொள்ளவும் கூடாது. வேலையிடத்தில் காயம்பட்டால் இழப்பீடு உண்டு. மாத உதவித்தொகைக்குக் கீழ் வரம்பு உண்டு. 2019-இல் அதைத் திருத்தியபோது படிப்புக்கு ஏற்ப 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை வைத்தார்கள். இதில் ஒரு பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. தென் மாநிலங்களில் பட்டதாரிகளின் பழகுநர் பயிற்சியைப் பார்க்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

கல்லூரி பாடத்திட்டத்தின் பகுதியாக, மதிப்பெண்ணுக்காகப் போகும் மாணவர்கள் இன்னொரு வகை. எங்கள் தெருப் பெண் இந்த வகை. இவர்களுக்குக் கல்லூரிதான் காப்பு. ஆனால் பல கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு எத்தனை பேரை அனுப்பினோம் என்ற கணக்கு தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பவர் இல்லை.

மூன்றாவது வகைதான் ஆபத்து. படிப்பு முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையை "முதல் ஆறு மாசம் இன்டர்ன், அப்புறம் பார்க்கலாம்" என்று எடுத்துக்கொள்வது. எந்தப் பதிவும் கிடையாது. சில இடங்களில் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். கல்விச் சான்றிதழ் பிடித்து வைத்துக்கொள்ளும் அடகுப் பொருள் அல்ல என்று கல்லூரிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் இது நடக்கிறது, ஏனென்றால் பிள்ளைக்கு அது தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது.

பதிவு இல்லாத இந்த மூன்றாவது வகையினர் உண்மையில் ஊழியர் செய்யும் வேலையையே செய்கிறார்கள் என்றால், அவர்களை இன்டர்ன் என்று அழைப்பதால் மட்டும் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பிவிடாது. தொழிலாளர் வழக்குகளில் நீதிமன்றங்கள் பதவியின் பெயரோடு நின்றுவிடுவதில்லை, அந்த ஆள் தினமும் என்ன செய்தார் என்பதையும் பார்க்கின்றன. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அலுவலகங்களுக்கும் பொருந்தும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். அந்தக் கூடுதல் நேரத்துக்கும் வரம்பு உண்டு. நம் ஆட்கள் பலர் இந்தச் சட்டம் ஜவுளிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2019-இல் தமிழ்நாடு அரசு, பத்தோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. "இப்போ எல்லாமே இருபத்திநாலு மணி நேரம்தாங்க" என்று ஒரு மேலாளர் என்னிடமே சொன்னார். கதவு திறந்திருக்கலாம் என்பதுதான் அந்த ஆணை. உள்ளே இருக்கும் ஒரே ஆள் 24 மணி நேரமும் இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. ஆள் ஒவ்வொருவருக்கும் நேர வரம்பும் வார விடுமுறையும் அதிலேயே நிபந்தனைகள். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

பயிற்சி என்ற பெயரில் உழைப்பை வாங்குவது கணினியோடு வந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாநிலத்தில் இதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று ஓடியது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளை, தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து தரகர்கள் கூட்டிப் போனார்கள். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்று சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆவணத்தில் இருந்த பெயர் அப்ரண்டிஸ். மூன்று வருடம் அப்ரண்டிஸ். நூல் அறுந்தால் முடிச்சுப் போட எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்? மில் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சில மாதம் என்பார்கள். மீதி இரண்டரை வருடமும் அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் முடியும் முன்னால் உடம்பு முடியாமல் வெளியேறிய பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொகையும் கிடைக்கவில்லை. குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்டர்னின் துன்பத்தை அந்தப் பிள்ளைகளின் துன்பத்தோடு நான் சமப்படுத்த மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் பயிற்சி என்ற அந்த ஒரு சொல் ஒரே வேலையைத்தான் செய்தது.

நேரத்துக்காகப் போராடிய வரலாறும் நம்முடையதே. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பும், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும் அவர்கள் கேட்டது. மார்ச் தொடக்கத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அதே ஹார்வி முதலாளிகளின் ஆலைதான் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததும். மதுரையில் பழைய ஆட்களுக்கு மில் சங்கு நினைவிருக்கும். ஊரே அதை வைத்து நேரம் பார்த்தது. உள்ளே போக ஒரு சங்கு ஊதினால் வெளியே வர ஒரு சங்கு ஊதும். இன்றைக்குப் பிள்ளைகளின் கையில் இருக்கும் போன் உள்ளே கூப்பிட மட்டும் ஊதுகிறது.

2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே முதல் தேதியன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆலைத் தொழிலாளிக்குக் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு ஸ்டேட்டஸ் கால் முடிக்கும் இன்டர்னுக்கு அப்படி ஒரு குரல் இல்லை. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டத்தில் தடையில்லை என்று 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதிலும் இன்று யூகத்துக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். எங்கள் தெருப் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டரை வரை பதினொரு மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து, பத்து மணிக் காலுக்கு ஒன்றரை சேர்த்தால் நாளுக்குப் பன்னிரண்டு. சனிக்கிழமை அரை நாளையும் கூட்டினால் அறுபதைத் தாண்டுகிறது. இதற்கிடையில் 2023-இல் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் தலைவர் பேச்சில் அது 90 ஆனது. பெரிய இடத்தில் இருப்பவர்கள் பேசும் இந்த எண்கள் சின்ன அலுவலகத்து டீம் லீட் காதில் விழும்போது உத்தரவாக மாறிவிடுகின்றன.

2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான, கேரளத்தைச் சேர்ந்த 26 வயதுப் பெண் இறந்துபோனார். வேலைப் பளுதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுவதும் படிக்கப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மருத்துவக் காரணம் பற்றி நான் தீர்ப்பளிக்கப் போவதில்லை. ஆனால் மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது அந்த அலுவலகம் 2007-லிருந்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவே இல்லாமல் இயங்கியது தெரிந்ததாகச் செய்தி வந்தது. அதாவது பதினேழு வருடம் அந்தக் கதவை யாரும் தட்டிக் கேட்கவில்லை.

அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 2013-இல் லண்டனில் ஒரு முதலீட்டு வங்கியில் 21 வயது ஜெர்மானிய இன்டர்ன் ஒருவர் தொடர்ந்து இரவுகள் கண் விழித்து வேலை பார்த்த பின் தான் தங்கியிருந்த இடத்தில் இறந்து கிடந்தார். வலிப்பு நோய் இருந்தது. சோர்வு அதைத் தூண்டியிருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் விசாரணை அதிகாரி. 2015-இல் வேறொரு பெரிய முதலீட்டு வங்கி ஒரு விதி கொண்டு வந்தது: இன்டர்ன்கள் நள்ளிரவுக்குள் கிளம்பிவிட வேண்டும், காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது. கருணையான விதி போலத் தெரியும். அது அனுமதிக்கும் நேரத்தை எண்ணிப் பாருங்கள், பதினேழு மணி நேரம் வருகிறது.

"நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் மேல வந்தோம்" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். மதுரையில் அச்சகத்திலும் நகைப் பட்டறையிலும் மெக்கானிக் கடையிலும் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். அடி வாங்கியிருக்கிறார்கள், அது தவறு, இன்று அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பட்டறையில் ஒன்று இருந்தது. பழகும் பையன் எத்தனை மணிக்கு எழுந்தாலும் அவனோடு பட்டறைக்காரரும் அதே விளக்கின் கீழ் உட்கார்ந்திருப்பார். பையன் கை தவறினால் அவர் கை வந்து பிடிக்கும். பத்து வருடம் கழித்து, "நான் இன்னாரிடம் தொழில் பழகினவன்" என்று சொன்னால் சந்தையில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. கடின உழைப்பு வேறு, எழுந்து போக முடியாமல் உட்கார வைக்கப்படுவது வேறு. ஆறரைக்கு வேலை முடிந்த பெண் எட்டரை வரை அமர்ந்திருந்தாளே, அந்த இரண்டு மணி நேரத்தில் நிறுவனத்துக்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. யார் முதலில் எழுந்திருப்பது என்ற பயம் மட்டும் வளர்ந்தது.

இந்த ஊருக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. மலையிலிருந்து இறங்கித் தேனி சாலையில் ஏறினால், நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் வடபழஞ்சியில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. நகரத்தின் இன்னொரு பக்கம் இலந்தைகுளத்தில் இன்னொன்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுவது நியாயமான ஆசை. அந்த வேலைகள் இங்கே இன்னும் வர வேண்டும் என்பதே என் விருப்பமும். வருகிறபோது வருகைப் பதிவேடும் வெளியேறும் நேரமும் சேர்ந்து வரட்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது எளிய காரியங்கள்தான். சேரும் முன்பே மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உதவித்தொகை எவ்வளவு, கற்றுக்கொடுக்கப் பொறுப்பான ஆள் யார். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வராவிட்டால் அங்கே பயிற்சி இல்லை. தினமும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், இரவு வந்த செய்திகளை அழிக்க வேண்டாம். முறையிட வேண்டி வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த நோட்டுத்தான் பேசும். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மனசு முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

பெற்றவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டிரு" என்று நாம் சொல்லும் அந்த வார்த்தையைத்தான் அந்த அலுவலகமும் நம்பியிருக்கிறது.

அவள் இன்டர்ன்ஷிப் போன மாதம் முடிந்தது. நடுவில் ஒருநாள் பத்து மணி அழைப்பை எடுக்காமல் போனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் செய்தாளாம். சான்றிதழைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நல்ல தடித்த தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. அவள் பெயர், தேதி, "சிறப்பாகப் பயிற்சி பெற்றார்" என்ற பொருளில் இரண்டு வரி. கீழே ஒரு கையெழுத்து.

"இது யாரும்மா?" என்று கேட்டேன்.

"தெரியல பெரியப்பா. அவரைப் பார்த்ததே இல்ல" என்றாள்.